சூடு ஆறட்டும் தம்பி, அப்புறம் அளக்கலாம்

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போன மாதம் நாலு மாணவர்கள் இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள், மூன்றாம் வருட மெக்கானிக்கல். இண்டஸ்ட்ரி 4.0, டிஜிட்டல் ட்வின், ரோபோ என்று எதைக் கேட்டாலும் மடமடவென்று சொன்னார்கள், கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

அதில் ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் சிஎன்சி லேத்திலிருந்து வந்த 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்டை, அதாவது ஸ்டீல் தண்டை, வாங்கின கையோடு டிஜிட்டல் மைக்ரோமீட்டரை வைத்தான். 50.011. "அண்ணா, 11 மைக்ரான் அதிகமா இருக்கு, ஆஃப்செட்டைக் குறைச்சிடட்டுமா?" மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; ஆஃப்செட் என்றால் வெட்டும் அளவைச் சரிசெய்ய மெஷினுக்குக் கொடுக்கும் திருத்த எண்.

"இருப்பா, முதல்ல பீஸைத் தொட்டுப் பாரு" என்றேன். வெதுவெதுவென்று இருந்தது. டீ குடித்து, அரைமணி நேரம் கழித்து அளந்தால் சரியாக 50.000. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 50 மில்லிமீட்டருக்கு 20 டிகிரி சூடு என்றால் கிட்டத்தட்ட அதே 11 தான். பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தால் அவன் முழு மார்க் வாங்குவான். ஆனால் அவசரப்பட்டு ஆஃப்செட்டை மாற்றியிருந்தால், ±5 மைக்ரான் வரைதான் கூடக் குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸில் அடுத்து வரும் பீஸ் எல்லாம் ரிஜெக்ட்.

அவன் மேல் தப்பில்லை. நான் படித்த காலத்திலும் லேபில் மைக்ரோமீட்டர் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டித்தான் கிடந்தது, முப்பது பேருக்கு ஒன்று, வைவா அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.

இப்போது மெஷினே புரோப் எனும் தொட்டு அளக்கும் கருவியை வைத்து அளந்து ஆஃப்செட்டைத் தானே திருத்திக்கொள்கிறது. அப்படியானால் அளக்கத் தெரிந்த ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த புரோப் சூடான பீஸை அளக்கிறதா, நுனியில் வெட்டின உலோகச் சீவல் ஒட்டியிருக்கிறதா என்று சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டுமே, இல்லாவிட்டால் தப்பான நம்பரை வைத்து மெஷின் ராத்திரி முழுக்க ஓடும். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வேலை நம் வாசலுக்கே வந்திருக்கும்போது, பைத்தான் புரோகிராமிங் கற்றுக்கொடுப்பது ரொம்ப நல்லதுதான், கூடவே முதல் வருடத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் நூறு பீஸாவது தன் கையால் அளந்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி கல்லூரி வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமை பத்துப் பேரை அனுப்பிவையுங்கள். ஷாஃப்ட்டும் மைக்ரோமீட்டரும் எங்களிடம் இருக்கிறது, பக்கத்தில் நின்று சொல்லித்தர நான் இருக்கிறேன்.