நவம்பர் 1 நமக்கு என்ன நாள்?

நவம்பர் முதல் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் 'வரலாற்றில் இன்று' பட்டியல்களில் கேரளப் பிறவி, கன்னட ராஜ்யோத்சவம் என்ற மாநிலம் பிறந்த நாட்கள், ஐஸ்வர்யா ராய் பிறந்தநாள் (1973), வி.வி.எஸ். லட்சுமண் பிறந்தநாள் (1974) எல்லாம் வரிசையாக இருக்கும். இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் 1956-ல் இதே நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. குமரிக்காரர்களே அனுப்பும் பட்டியலில்கூட அது இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் போய்ப் பாருங்கள், கசவுச் சேலையும் வேட்டியுமாக ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை போடுவார்கள், அத்தோடு சரி. இரண்டு பக்கத்துக்கும் அந்த நாளைக் கொடுத்தது ஒரே மாநில மறுசீரமைப்புச் சட்டம்தான். அங்கே அது பிறந்தநாள், இங்கே அது இணைந்த நாள்.

அதுவும் சும்மா கையெழுத்துப் போட்டு வந்த நாள் இல்லை. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆண்டுக்கணக்கில் போராடியது, மார்ஷல் நேசமணி அதன் முகமாக நின்றார், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நம் ஆட்கள் செத்தார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. கேட்டது எல்லாமும் கிடைக்கவில்லை, தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. செங்கோட்டையில் ஒரு பகுதி மட்டும் திருநெல்வேலியோடு சேர்ந்தது. அதனால் இந்த நாளை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு வருத்தமும் சேர்ந்தே வரும்.

புதுச்சேரிக்காரர்களுக்கும் இது பெரிய நாள், 1954-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது நவம்பர் 1-ல்தான். அவர்கள் அதை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஹரியானா 1966, சத்தீஸ்கர் 2000 என்று பின்னால் வந்த மாநிலங்களும் இதே தேதியைப் பிடித்துக்கொண்டன. அப்புறம், எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959-ல் இறந்ததும் இதே நாளில், ஐம்பது வயதுகூட ஆகாமல்.

பட்டியலில் என்னை உலுக்குவது போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், ஜனங்கள் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்த காலை நேரத்தில் பூமி குலுங்கியது. கட்டடங்களுக்குத் தப்பித் துறைமுகத்துக்கு ஓடியவர்கள்மேல் கடல் ஏறியது, பிறகு நகரம் தீப்பிடித்து எரிந்தது. குளச்சலிலோ கொட்டில்பாட்டிலோ இதை வாசிக்கிறவருக்கு விளக்கம் தேவையில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மணக்குடிப் பாலத்தையே கடல் பிய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நாம்.

நம் கடற்கரை ஊர்களில் நவம்பர் 1 சாயங்காலம் வேறொரு வேலை நடக்கும். மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால் புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூவுக்கும் மெழுகுதிரிக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். வயசானவர்கள் பழைய கதை பேசுகிற நேரமும் அதுதான். 1956-ல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயது இருக்கும். அன்றைக்கு உங்கள் ஊரில் கொடி ஏற்றினார்களா, மிட்டாய் கொடுத்தார்களா, மலையாளம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இந்த வருஷமே கேளுங்கள். கேட்டதை ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த பதிவில் போடுகிறேன்.