எடுக்கட்டுமா, வேண்டாமா?

"அப்ப நீங்களே சொல்லுங்க சார், எடுக்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார் அந்தம்மா. "அது உங்க விருப்பம்தாங்கம்மா" என்றேன். நடந்தது இவ்வளவுதான். பி.எஃப். கவுன்டரில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்லியிருப்பார்கள். எனக்கு மட்டும் ஏன் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை.

அவருக்கு வயது 46. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். சர்வீஸ் 9 வருஷம் 2 மாதம். சிக்கலே அந்த 2 மாதத்தில்தான். ஒன்பதரை வருஷம் ஆகிவிட்டால் பத்து என்று கணக்கு. பத்து வந்துவிட்டால் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, 58 வயதில் மாதாமாதம் வரும். அதற்கு முன்னால் 10சி படிவம் போட்டால் மொத்தமாக வரும், அத்தோடு கணக்கு முடிந்தது. அவருடைய சம்பளம் 10,500. அன்றைய அட்டவணைப்படி ஒன்பது வருஷத்துக்குச் சம்பளத்தைப் போல 9.33 மடங்கு, அதாவது 98,000க்குக் கொஞ்சம் குறைவு. பத்து வருஷமாக்கி பென்ஷன் வாங்கினால், சம்பளத்தைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும்: 1,500. கடைசி ஐந்து வருஷச் சராசரி என்பதால் அதைவிடக் குறையத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் ஒரு பழைய பாரத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். பணத்தை எடுக்காமல் சர்வீஸைக் காத்து வைக்கிற ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள், பி.எஃப். பிடிக்கிற ஏதாவது கம்பெனியில் நாலே மாதம் போய்விட்டு வாருங்கள் என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நகையை வச்சு லட்ச ரூவா வாங்கியிருக்கனுங்க. ரெண்டு ரூவா வட்டி. மாசம் ரெண்டாயிரம் கட்டறேன். நீங்க பன்னெண்டு வருசம் கழிச்சு ஆயிரத்தைநூறு தர்றேங்கறீங்க. நாலு மாசம்னு சுலபமாச் சொல்றீங்க, இப்ப பீஸ் ரேட்டுக்குப் போறனுங்க. வாரம் கைக்கு வர்றது அதிகம், ஆனா பி.எஃப். கிடையாது. அதை விட்டுப்போட்டுப் போனா வட்டியை யாருங்க கட்டறது?"

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

விதியைச் சொல்வதுதான் கவுன்டரின் வேலை. என் பேச்சைக் கேட்டு எடுக்காமல் விட்டு, நகை மூழ்கிப்போனால் யார் பதில் சொல்வது? அதனால் நான் சொன்னது சரிதான். ஆனால் அவர் விதியைக் கேட்கவில்லையே. விதியெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. அவர் கேட்டது என் அபிப்பிராயத்தை. எனக்கு அபிப்பிராயம் இருந்தது: எடுக்காதீர்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. குறைந்தபட்ச பென்ஷன் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது, அப்படியே நிற்கிறது. அதற்குப் பஞ்சப்படியும் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு தடவை பஞ்சப்படி ஏறுகிற சம்பளக்காரன் நான், "பொறுத்திருங்கம்மா" என்று எந்த முகத்தோடு சொல்வது?

2016 பிப்ரவரியில் தொழிலாளர் அமைச்சகம், பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று உத்தரவு போட்டது. ஏப்ரலில் பெங்களூரு கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையை மறித்தார்கள். 19ஆம் தேதி அமைச்சகம் உத்தரவை வாபஸ் வாங்கியது. "இவங்க நல்லதுக்குத்தானே போட்டாங்க, புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்களே" என்று அப்போது டீ குடிக்கும்போது பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன். இந்த அம்மாவின் வட்டிக் கணக்குக்குப் பிறகு அப்படிப் பேச முடியவில்லை. அதே சமயம், எப்போதோ 10சி போட்டு எடுத்துவிட்டு, அறுபது வயதில் கவுன்டருக்கு வந்து "ஏதாச்சும் வருமாங்க சார்?" என்று கேட்கிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களிடம் "ஒண்ணும் வராதுங்க" என்று சொல்கிறவனும் நான்தான்.

கொஞ்ச நாளில் அவருடைய கிளெய்ம் என் லாகினுக்கே வந்தது. பிரவுசிங் சென்டரில் போட்டிருந்தார்கள். அவர்கள் பி.எஃப். பணத்துக்கான 19, பென்ஷன் பணத்துக்கான 10சி இரண்டையும் சேர்த்துத்தான் போடுவார்கள். ஆதாரில் பேர், பிறந்த தேதி, வேலையை விட்ட தேதி, பேங்க் கணக்கு, எல்லாம் சரி. ஒரு எழுத்துப் பிசகு இல்லை. மற்றவர்களுக்கு இனிஷியல் மாறினாலே திரும்பிப் போகிறது. அன்றைக்கு ஏதாவது பிசகு கிடைக்காதா என்று நான் இரண்டாம் தடவை பார்த்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. கிடைக்கவில்லை. மேலே அனுப்பிவிட்டேன்.

2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு, வேலையை விட்டு 36 மாதம் கழித்துத்தான் பென்ஷன் பணத்தை எடுக்கலாம் என்று முடிவெடுத்தது. முன்பு இரண்டே மாதம். செய்தியைப் படித்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது. மூன்று வருஷத்தில் எங்கேயாவது நாலு மாதம் பி.எஃப். பிடித்துவிடும், பத்து முடிந்துவிடும், யாரும் என்னிடம் எடுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்கப்போவதில்லை. அப்புறம் அந்தம்மாவுக்கு இதே விதி அன்று இருந்திருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36 மாதம், மாதம் 2,000. வட்டி மட்டும் 72,000.