ஒரே தாள், முன்னும் பின்னும்

ஜூலை 19

அச்சகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: ஒரே தாள், முன்னும் பின்னும். என் கையில் இருப்பதோ ஒன்பது பக்கம். தாயம் ஆடும் துணிக்கட்டங்கள் தைத்து வந்துவிட்டன. விதித்தாள்தான் பாக்கி.

ஜூலை 20

அம்மாயி அரை இட்லி சாப்பிட்டார்.

ஜூலை 22

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து ஆடவிட்டேன். சின்னவனுக்குப் பதினோரு முறை உருட்டியும் காயை இறக்கத் தாயம் விழவில்லை. மற்றவர்கள் பாதிக் கட்டம் தாண்டியிருந்தார்கள். காய்களை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கணக்குப் போட்டேன். கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. விழக்கூடியது 16 விதம், அதில் தாயம், அதாவது கூட்டினால் ஒன்று, 2. அப்படியானால் பத்து தடவை உருட்டியும் நூற்றில் 26 பேர் வெளியிலேயே காத்திருப்பார்கள். ஐந்துக்கும் இறங்கலாம் என்று மாற்றினால் 6 பேர்தான்.

மாமாவிடம் கேட்டேன். "அஞ்சுக்கு எறங்குனா அதுக்குப் பேரு தாயமா கண்ணு?"

ஜூலை 25

ஒரே எண் மூன்று முறை தொடர்ந்து விழுந்தால் அத்தனையும் அழியும். இதை அடித்துவிட்டேன். தாயம் அப்படி விழ 512க்கு ஒரு வாய்ப்பு. அதற்கு நாலு வரி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்மாபேட்டை வீட்டுத் திண்ணையில், உள்ளே ஓடும் தறிச் சத்தத்துக்கு மேலே அம்மாயி கத்துவாரே, "அழிஞ்சுது! அழிஞ்சுது!"

ஜூலை 26

மழை. ஏற்காடு மலை தெரியவே இல்லை. அம்மாயியின் ஸ்கேன் நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஜூலை 29

அடுத்தவர் காயை வெட்டாதவருக்குப் பழம் இல்லை, அதாவது காய் நடுக்கட்டம் சேராது, என்ற விதியை எடுத்தால் கால் பக்கம் மிச்சமாகும். இன்று அது இல்லாமல் ஆடவைத்துப் பார்த்தேன். வெட்ட முடியாத கட்டங்களான மலைகளில், மலைக்கு மலை பதுங்கிப் பதுங்கிப் போனார்கள். யாரும் யாரையும் துரத்தவில்லை. சத்தமே இல்லை. தாயம் ஆடும் வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்குமா? அந்த விதி இருக்கட்டும். எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 1

தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் இன்னும் ஆட வரவில்லை.

ஆகஸ்ட் 3

கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டம். பஸ் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாகிவிட்டது.

பித்தளைக் கட்டைகளை எடுத்துப் போயிருந்தேன். ஒன்றில் ஒற்றைப் புள்ளி தேய்ந்து, வெறும் பக்கம் மாதிரியே ஆகிவிட்டது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயமா பன்னிரண்டா என்று எங்கள் வீட்டில் எத்தனை சண்டை! அம்மாயி ஊசி குத்தியிருந்த கையை மெதுவாக நகர்த்தி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இதுதான் ஒண்ணு" என்றார். நானும் தடவினேன். நகம் பட்டால் மட்டும் தெரிகிற சின்னப் பள்ளம்.

சின்னவனைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது, "பொடுசுங்களுக்கு ஒரு காய மொதல்லயே எறக்கி வெச்சுருவேனே. உனக்கும் அப்படித்தான்" என்றார்.

ஒன்பது பக்கத்தில் இது எங்கேயும் இல்லை. நான் தாயம் போட்டுத்தான் இறங்கினேன் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4

முன்பக்கம், இரண்டாவது வரியில் சேர்த்தாயிற்று. பெரியவர்களுக்குத் தாயம்தான், ஐந்து கிடையாது.

பழத்துக்குப் போகும் உள்கட்டத்தில் வெட்டு உண்டா என்று கேட்க விட்டுப்போயிற்று. உண்டு என்கிறார் மாமா. இல்லை என்கிறாள் அம்மா. அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். காலையில் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியதும் நான் போய் அம்மாயியிடம் கேட்க வேண்டும்.