நீலத் திரை

ஜூலை 8, 2024, திங்கள்
அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் வரப் பத்து நாளாவது ஆகுமாம். சரி.

ஜூலை 9, செவ்வாய்
கணக்குப் பிரிவு அண்ணன் சாப்பிடப் போனதும், அவர் டெஸ்க்டாப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்து, நிஜ ஐகான்களை மறைத்துவிட்டேன். வந்தவர் எக்செலைக் கிளிக் செய்தார், செய்துகொண்டே இருந்தார். மவுஸைக் கவிழ்த்து ஊதினார். அப்புறம் "டேய் தம்பி!" என்று கத்தினார். எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அவர்தான்.

ஜூலை 11
மவுஸ் அடியில் டேப். பழைய சரக்கு. யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி
விண்டோஸ் முடங்கினால் வருமே, அந்தச் சோக முகம் போட்ட நீலத் திரை, அதன் படத்தை அவர் மானிட்டர் முழுக்க விரித்து வைத்தேன். எஸ்கேப் தட்டுவார் என்று நினைத்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டார். ஜிஎஸ்டி கணக்கு, இரண்டு மணி நேர வேலை, சேவ் செய்யாதது. "பரவாயில்ல தம்பி."

ஜூலை 14
திட்டியிருக்கலாம்.

ஜூலை 18
பத்து நாள் ஆயிற்று. இன்னொரு டெஸ்ட் பாக்கியாம்.

ஜூலை 19, வெள்ளி
முதலில் விழுந்தது அவர் மெஷின்தான். அதே நீலம், அதே முகம். நாற்காலியைத் திருப்பினார். "எடுத்துடு தம்பி. ரிட்டர்னுக்கு நாளைக்குத்தான் கடைசி."
"சத்தியமா நான் இல்லண்ணே."
டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒத்துக்கொள்வேன் என்று காத்திருந்தார். என் திரையும் நீலமானது. பக்கத்து வரிசை, மீட்டிங் ரூம் என்று வரிசையாக விழுந்தன. அப்போதும் அவர் பார்த்தது என் முகத்தை. பாதுகாப்பு மென்பொருள் அப்டேட் ஒன்றின் கோளாறாம். ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தருகிறார்களாம்.

ஜூலை 20, சனி
ஒவ்வொரு மெஷினையும் சேஃப் மோடில் திறந்து ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். அதற்கு முன் டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் எண், 48 இலக்கம். ஐடி பையன் ஒருவன்தான் இருந்தான். அண்ணன் மெஷினுக்கு நானே உட்கார்ந்தேன். அவர் ஆறு ஆறாகப் படித்தார். ஐந்தாவது ஆறில் தப்பு.
"மெதுவாப் படிங்கண்ணே."
மேசையில் போன் அதிர்ந்தது. அம்மா.
"எடு."
"இன்னும் மூணுதான்ணே, முடிச்சிடலாம்."
அவர் படிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஜூலை 21
பெங்களூரு மடிவாலாவில் ஊருக்கு ஒன்பதரை பஸ். லேப்டாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. ரிட்டர்ன் போய்விட்டது என்று அண்ணன் மெசேஜ்.