முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன்

கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். எச்ஐவி கிளினிக்கிலிருந்து எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களின் கடிதத்தில் அடிக்கடி வரும் குறிப்பு: மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நான் மாத்திரையிலிருந்து தொடங்குவதில்லை. தூக்கம் எப்படி என்றுதான் முதலில் கேட்பேன்.

இந்தப் பழக்கம் எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்தின் காலத்தில் வந்தது. இங்கே பல ஆண்டுகள் முதல்கட்ட சிகிச்சையில் அந்த மருந்துதான். வைரஸை நன்றாக அடக்கும். ஆனால் சிலருக்குத் தலைசுற்றல், நிஜம் போன்ற கனவுகள், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரும். அதனால் வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்வோம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

லாரி ஓட்டும் ஓர் அண்ணன், தாதியை இங்கே அழைக்கிற மாதிரி, "மிஸ்ஸி, ராத்திரியில யாரோ நெஞ்சுமேல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். வீட்டில் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டியிருந்தார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது: சரக்கு இறக்கியதும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் வயிறு நிறைய எண்ணெயில் சுட்ட ரொட்டி சானாய், கையோடு மாத்திரை. டாக்டர் அவரை டோலுடெக்ராவிர் என்ற வேறோர் எச்ஐவி மருந்துக்கு மாற்றினார். அதுவும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் காலையில் சாப்பிடச் சொன்னோம்.

எல்லாவற்றுக்கும் மருந்தைக் குறை சொல்ல முடியாது. வாழவே பிடிக்காமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுவேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை என்ற மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023-இல் நீக்கியது எனக்குப் பெரிய ஆறுதல். போலீசுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை, பாருங்கள்.

அப்புறம், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கும் கார்பமசெபின், ரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்து சாப்பிடுகிறவருக்குக் குவெட்டியாபின் என்ற மனநல மருந்தைக் கொடுத்தால் அதன் அளவு எக்கச்சக்கமாக ஏறும். இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்ளாவிட்டால் அவதிப்படுவது நோயாளிதான்.

வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்று சொல்லும்போது சிலர் அழுதுவிடுவார்கள். இத்தனை வருடம் மனைவி பக்கத்தில் படுக்காதவர்கள் அவர்கள். இதை நான் அவசர அவசரமாகச் சொல்லி முடிப்பதே இல்லை. தேவைப்பட்டால் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஆனால் அதைக் கேட்க அவர்கள் வந்தாக வேண்டுமே. இரண்டு கிளினிக்கும் வேறு வேறு நாளில் இருந்தால், நாள் சம்பளக்காரர்கள் முதலில் விட்டுவிடுவது எங்களைத்தான். ஒரே நாளில் போடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.