ஒன்பதாம் வகுப்பில் கோட்டை விடக் கூடாதவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் ஊட்டியிலும் கூடலூரிலும் ஒரே பேச்சுதான்: "பிள்ளையைக் கீழே கோயம்புத்தூர்ல சேர்த்துடலாமா?" இந்தக் கேள்வியே இரண்டு வருடம் தாமதம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் நஷ்டமும்கூட. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலியவற்றுக்கு 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு மேல்நிலை வகுப்புகளையும் அரசுப் பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தனியாருக்கு மாறினால் அது போச்சு. அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது. மலையில் அந்த வகைப் பள்ளிகள் பல உண்டு. எதில் படிக்கிறோம் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் "பிசிக்ஸ் வரல" என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் வராமல் போனது பத்தாம் வகுப்பு முக்கோணவியல். 400 நியூட்டன் எடையுள்ள தேயிலை மூட்டை 30 டிகிரி சரிவில் கிடக்கிறது. சரிவோடு கீழே இழுக்கும் விசை எவ்வளவு? சைன் போட்டால் 200. காஸ் போட்டு 346 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தால் தப்பு உடனே தெரிந்துவிடும்: தரை சமமாகிவிட்டது, மூட்டையை எதுவும் இழுக்கக் கூடாது, ஆனால் காஸ் பூஜ்யம் 1, அதாவது முழு 400 விடையாக வருகிறது. இப்படி விடையைச் சோதிக்கும் பழக்கம் ஒன்பதிலேயே வந்தால்தான் உண்டு.

தினம் 40 நிமிடம், பாடப்புத்தகத்திலிருந்தே ஐந்தாறு கணக்கு போதும். தப்பானதைத் தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் ஏன் தப்பியது என்று ஒரு வரி. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுத விடாதீர்கள், அது காரணமே இல்லை. குறி மாறியதா, அலகு மாறியதா, கேள்வியைப் பாதியோடு விட்டோமா? பத்து நாள் கழித்து அதே கணக்கை விடை பார்க்காமல் மறுபடி போட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்கள் எழுதும் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் இந்த 9, 10ஆம் வகுப்புப் பாடம்தான். தேர்வானால் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் தமிழில் எழுதலாம். ஐஐடிக்கான அடுத்த கட்டம், அட்வான்ஸ்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஐஐடி கனவு இருந்தால் தமிழ்வழிப் பிள்ளை முடுக்கம் என்று படிக்கும்போதே ஆக்சலரேஷன் என்பதையும் சேர்த்து எழுதிப் பழகட்டும்.

குரூப் எடுக்கும்போது கணிதமும் உயிரியலும் சேர்ந்ததை எடுத்தால் சுமை அதிகம்தான், ஆனால் எந்தக் கதவும் மூடாது. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வில் உள்ள 60 கேள்விகளில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் 15. எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பதினைந்து தள்ளாட்டம்தான்.

சான்றிதழ் வேலைக்கு ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறை நல்ல நேரம். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அச்சான பிறகு திருத்த அலைய வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் அப்பா பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவது சகஜம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல. விசாரணைக்கு நாள் பிடிக்கும்.

வெளிநாடு யோசிப்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்கக் கல்லூரிகள் 9 முதல் 12 வரை நான்கு வருட மதிப்பெண்ணையும் கேட்கும். அங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துதான். பத்தையும் நிரப்பச் சான்றிதழ் சேர்ப்பதைவிட, ஒரே வேலையை மூன்று வருடம் விடாமல் செய்வது மேல். மலையில் அதற்கு மழையை அளப்பதே போதும். தேவாலாவுக்குத் தென்மேற்குப் பருவம், கோத்தகிரிக்கு வடகிழக்கு; இரண்டு ஊரில் இரண்டு தோழிகள் அளந்தாலே ஒப்பிட விஷயம் கிடைக்கும். நேரான பக்கமுள்ள பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் விட்டு அதைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அடிப்பாகம் குழிந்திருப்பதால் இதை விட்டால் அளவு தப்பும். மரத்தையும் கூரையையும் விட்டுத் தள்ளி வைத்து, தினம் காலை 8.30க்கு மில்லிமீட்டரில் அளந்து, மறுபடி தண்ணீரைக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், பெய்யவில்லையா, பார்க்கவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.