சும்மாதான் நடக்குறேன், அப்பத்தா

சிங்கப்பூரில் சாயங்காலம் ஆறரைக்குள் வேலை முடிந்தால் நேராகப் பீஷான் பூங்காவுக்குப் போய்விடுவேன். காலாங் ஆறு அங்கே முன்பு வெறும் சிமெண்ட் வாய்க்கால், அதை உடைத்துக் கரையில் புல்லும் செடியும் வளரவிட்டு 2012ல் திறந்தார்கள், அப்புறம் கொஞ்ச வருஷத்தில் நீர்நாய்கள் தாமாகவே வந்துவிட்டன. யாரும் கொண்டுவந்து விடவில்லை.

நீர்நாயைப் பார்க்கும் முன்பே நாற்றம் வந்துவிடும், அசல் கெட்டுப்போன கருவாடு. அப்புறம் தண்ணீரில் ஏழெட்டுத் தலைகள். பிடித்த மீனைக் கையில் வைத்துத் தலையிலிருந்து தின்னும், முள் நொறுங்கும் சத்தம் பத்தடி தள்ளி நிற்கிற நமக்கே கேட்கும். தின்று முடித்தால் புல்லில் முதுகைத் தேய்த்துப் புரளும். வீடியோ காலில் காட்டினால் அப்பத்தா, "கீரி எப்பப்பா தண்ணியில இறங்குச்சு?" என்றது. நடைபாதையில் குறுக்கே கிடந்த நீர் உடும்பைக் காட்டியபோது, "அதை அங்க ஒருத்தரும் பிடிக்கலியா?"

இப்போது பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். பழக்கதோஷம், சாயங்காலமானால் கால் நிற்கவில்லை, ஊருணிப் பக்கம் கிளம்பினேன். நாலு வீடு தாண்டுவதற்குள் மூன்று திண்ணையிலிருந்து, "எங்க கிளம்பிட்டீக?" சும்மா நடக்கிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. ஒருவர் சுகரா என்று கேட்டார், இன்னொருவர் வண்டியில் ஏறச் சொன்னார்.

படித்துறைக்கு எதிரே பட்டுப்போன கிளையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி. எதையோ பிடித்துவந்து கிளையில் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டிருந்தது, தவளையா மீனா என்று நான் உற்றுப் பார்க்கும்போது பின்னால் மொபெட் வந்து நின்று, "என்ன தொலைச்சீக? தேடித் தரவா?" பறந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பறவை மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. ஆனால் வேலையில்லாமல் ஒரு ஆள் நின்று பார்ப்பது மட்டும் இங்கே கணக்கில் வராது. பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர், வீட்டுத் தூணெல்லாம் அங்கிருந்து வந்த தேக்கு. அவர் கடிதங்களில் வட்டிக் கணக்கு இருக்கிறது, ஒரு காக்காயைப் பற்றிக்கூட இல்லை. சாயங்காலம் அவரும் ஆற்றங்கரையில் நின்றிருப்பார், எழுதினால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று விட்டிருப்பார்.

மறுநாள் கையில் ஒரு மஞ்சள் பையோடு போனேன். ஒருவரும் கேட்கவில்லை! கடைக்குப் போகிறேன் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். மீன்கொத்தி அதே கிளைக்கு வந்தது, இருட்டும் வரை பார்த்தேன், இரண்டு முறை பாய்ந்ததில் ஒன்று தவறியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பத்தா பையை வாங்கி உதறிப் பார்த்தது.

"அம்புட்டுத் தூரம் போயிட்டு, வெத்தலையாவது வாங்கியாந்திருக்கலாம்ல?"